அந்த 1:41 மெசேஜை அழிக்காதீங்க, தம்பி

கடிதம் எழுதியவர் மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறார். வயது 27, டிப்ளமோ இ.சி.இ., வீடு திருவொற்றியூரில். யார்டில் கம்ப்யூட்டர், கேமரா, நெட்வொர்க் எல்லாவற்றுக்கும் அவர் ஒருவர்தான். பெயரையும் நிறுவனத்தைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களையும் நீக்கிவிட்டு, நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் பெட்டி), ரூட்டர், கேமரா ரெக்கார்டர், எடை மேடை கம்ப்யூட்டர் என்று 84 கருவிகளை ஜாபிக்ஸ் என்ற இலவச மென்பொருள் கண்காணிக்கிறது. அதை நிறுவியவர் வேலையை விட்டு துபாய் போய்விட்டார். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் தரைத்தளத்தில் தண்ணீர் ஏறியபோது சர்வரை மாடிக்குத் தூக்கி, புது ஐ.பி. முகவரி கொடுத்திருக்கிறார்கள். இவர் பொறுப்பேற்ற நாளிலிருந்து தினமும் ராத்திரி ஒரு மணிக்கு மேல் ‘எல்லாம் டவுன்’ என்று டெலிகிராம் க்ரூப்பில் மெசேஜ் கொட்டுகிறது. கொஞ்ச நேரத்தில் தானே சரியாகிவிடுகிறது. கேட் ஸ்விட்ச் மாதக்கணக்கில் சிவப்பாக இருக்கிறது, ஆனால் கேட் கேமரா படம் ஓடுகிறது. 300 எம்.பி.பி.எஸ். இன்டர்நெட் லைனுக்குப் பணம் கட்டுகிறார்கள், கிராஃப் நூற்றுச் சொச்சத்தைத் தாண்டுவதே இல்லை. யு.பி.எஸ். நன்றாக இருக்கும்போதே மெயின் நெட்வொர்க் ஸ்விட்ச் ‘ரீஸ்டார்ட் ஆனது’ என்று ஒரு நாள் மெசேஜ் வந்து, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் திட்டு வாங்க வைத்திருக்கிறார்கள்.

தொல்லை தாங்காமல் இவர் க்ரூப்பை ம்யூட் செய்துவிட்டார். போன மாதம் ஒரு ராத்திரி அலுவலகத்துக்கும் கேட்டுக்கும் இடையிலுள்ள வயர்லெஸ் லிங்க் நிஜமாகவே அறுந்தது. எடைச் சீட்டு அடிக்க முடியாமல் டிரெய்லர்கள் பொன்னேரி நெடுஞ்சாலை வரை நின்றன. காலை ஐந்தரைக்கு மொட்டைமாடிக் கம்பத்தில் கனெக்டரை வெட்டிப் புதிதாகப் போட்ட பிறகுதான் லிங்க் வந்தது. ஸ்விட்ச் லாக்கில், அதாவது நடந்ததை அது மணியோடு குறித்துவைக்கும் பதிவில், 20:10 என்று இருப்பதைக் காட்டி, “எட்டு பத்துக்கே போயிருக்கு, ஒன்பது மணி நேரம் தூங்கியிருக்கே” என்கிறார் முதலாளி. இரண்டு மாதச் சம்பளத்தில் பிடிக்கப் போவதாகவும், பல லட்சத்துக்குப் புது மென்பொருள் வாங்கப் போவதாகவும் சொல்கிறார்.

இவர் கேட்பது: “மேடம், சாஃப்ட்வேர் பழுதா? புதுசு வாங்கினா சரியாகுமா? சம்பளத்தைப் பிடிக்க முடியுமா? வேலையை விட்டுடட்டுமா? டெலிகிராம்ல அன்னிக்கு 1:41-க்கு வந்த மெசேஜை டெலீட் பண்ணி, சர்வர்லயும் அந்த நாள் ஹிஸ்டரிய க்ளியர் பண்ணிட்டா, அலர்ட்டே வரலைன்னு சொல்லிடலாமா?”

தம்பி,

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். அழிக்காதீர்கள். தர்மம் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அதற்குப் பிறகு வருகிறேன். நீங்கள் அழிக்க நினைக்கும் அந்த ஒரு வரிதான் இன்றைக்கு உங்களைக் காப்பாற்றக்கூடியது.

முதலாளி காட்டும் 20:10 ராத்திரி எட்டு பத்தாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நேர மண்டலத்தை நம் ஊருக்கு மாற்றி வைக்காத ஸ்விட்சுகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில்தான் லாக் எழுதும். நம்முடைய நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முந்தி. 20:10-உடன் 5:30-ஐக் கூட்டிப் பாருங்கள்: நள்ளிரவு தாண்டி 1:40. உங்கள் டெலிகிராம் மெசேஜ் 1:41. லிங்க் அறுந்தது, அடுத்த நிமிடம் சர்வர் எடை மேடை கம்ப்யூட்டரைக் கூப்பிட்டுப் பார்த்தது, பதில் இல்லை, மெசேஜ் அனுப்பியது. இரண்டும் ஒரே சம்பவத்தின் இரண்டு சாட்சிகள்.

நான் சொன்னேன் என்று போய் நிற்காதீர்கள், நிரூபித்துவிட்டுப் போங்கள். ஸ்விட்சில் இப்போது மணி என்ன காட்டுகிறது என்று திரையில் வரவழையுங்கள். பக்கத்தில் உங்கள் கைபேசியின் மணி தெரிய ஒரு படம் எடுங்கள். ஐந்தரை மணி நேர வித்தியாசம் தெரிந்தால் பாதி வழக்கு முடிந்தது. மீதிப் பாதி எடை மேடை அறையிலேயே இருக்கிறது. எட்டு பத்துக்கே லிங்க் அறுந்திருந்தால் அன்று ஒன்பது மணிக்கும் பதினொரு மணிக்கும் சீட்டு அடித்தது எப்படி? அன்றைய கடைசி எடைச் சீட்டில் என்ன மணி இருக்கிறது என்று பாருங்கள். ஒன்பது மணி நேரக் குற்றச்சாட்டு நான்கு மணி நேரத்துக்கும் கீழே இறங்கிவிடும்.

இப்போது அந்த மெசேஜை அழித்தால் என்ன ஆகும்? ஸ்விட்ச் லாக்கின் 20:10 மட்டும் தனியாக நிற்கும். அதை மறுக்க உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. க்ரூப்பில் செக்யூரிட்டி சூப்பர்வைசரும் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள்; அவர் போனில் அதே மெசேஜின் நோட்டிஃபிகேஷன் வந்துபோயிருக்கும். ஜாபிக்ஸில் யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று தனியாக ஒரு பதிவும் ஓடுகிறது. சட்டத்திலும் இது சின்ன விஷயமில்லை. அனுமதியில்லாமல் கணினியிலுள்ள தகவலை அழிப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-வது பிரிவில் வருகிறது. நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-வது பிரிவு, மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 2022 ஏப்ரல் 28-ல் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி நிறுவனங்கள் லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். அதே உத்தரவு கருவிகளின் கடிகாரங்களை என்.ஐ.சி. (தேசிய தகவலியல் மையம்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு ஒத்திசைக்கவும் சொல்கிறது. உங்கள் யார்டில் யாராவது அதைச் செய்து, நேர மண்டலத்தையும் நம் ஊருக்கு மாற்றி வைத்திருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது.

ம்யூட் செய்ததை மறைக்கவும் வேண்டாம். தினமும் ராத்திரி எண்பது தடவை பொய் சொல்லும் அலாரத்தை மனிதர்கள் ம்யூட் செய்யத்தான் செய்வார்கள், நானும் செய்திருக்கிறேன். உங்கள் தவறு ம்யூட் செய்தது இல்லை, செய்ததை எழுத்தில் யாருக்கும் சொல்லாமல் விட்டது. “ராத்திரி வர்றதெல்லாம் பொய் அலாரம்னு சூப்பர்வைசர்கிட்ட வாயால சொன்னேன்” என்கிறீர்கள். அது உங்களுக்குச் சாதகமும் இல்லை, அவரையும் தூங்க வைத்துவிட்டது.

‘டவுன்’ என்ற சொல்

உங்கள் கடிதம் முழுக்க ‘டவுன் காட்டுது, ஆனா ஓடுது, பொய் சொல்லுது’ என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கேதான் நான் உங்களைத் திருத்த வேண்டியிருக்கிறது. மென்பொருள் பொய் சொல்லவில்லை. அதற்குக் கருவி உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. அது ஒரு கேள்வி கேட்கும். சொன்ன நேரத்துக்குள் பதில் வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. ‘கூப்பிட்டேன், பதில் இல்லை’ என்பதைத்தான் ‘டவுன்’ என்று எழுதுகிறது. நீங்கள் ஒருவருக்கு போன் போட்டு அவர் எடுக்காவிட்டால், குளித்துக்கொண்டிருக்கலாம், சிக்னல் இல்லாமல் இருக்கலாம், உங்கள் நம்பரை பிளாக் செய்திருக்கலாம். உங்கள் போனிலேயே பேலன்ஸ் இல்லாமலும் இருக்கலாம். உங்கள் யார்டில் இந்த நான்கும் நடக்கின்றன.

84-ம் ஒரே நேரத்தில் விழுந்தால்

ராத்திரி ஒரு மணிக்கு மேல் வரும் அலாரம் மழையிலிருந்து தொடங்குகிறேன். தனித்தனி இடங்களில், தனித்தனி கரண்டில் இருக்கும் 84 கருவிகள் ஒரே நிமிடத்தில் செத்துப் பிழைக்காது. அப்படித் தெரிந்தால் பார்க்கிறவருக்குத்தான் மயக்கம். கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “ஒரு மணிக்கு அக்கவுன்ட்ஸ் பேக்கப் இதே சிஸ்டம்லதான் வந்து விழும்.” அதைப் படித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

பழைய டெஸ்க்டாப், சுழலும் ஹார்ட் டிஸ்க், அதில் ஜாபிக்ஸும் அதன் டேட்டாபேஸும். ஒரு மணிக்கு மொத்த அக்கவுன்ட்ஸ் பேக்கப்பும் அதே டிஸ்க்கில் வந்து இறங்குகிறது. டிஸ்க் திணறுகிறது, டேட்டாபேஸ் காத்திருக்கிறது, கேள்வி கேட்கும் போலர்கள் வரிசையில் நிற்கின்றன. பதில்கள் வந்தாலும் வாங்கி வைக்க ஆளில்லை. பேக்கப் முடிந்ததும் எல்லாம் பச்சை.

செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. பேக்கப்பை ஒரே ஒரு ராத்திரி மூன்று மணிக்கு மாற்றுங்கள். அலாரம் மழையும் மூன்று மணிக்கு நகர்ந்தால் தீர்ப்பு ஆகிவிட்டது. அந்த பேக்கப்பை வேறு டிஸ்க்குக்கு அனுப்பிவிடுங்கள். நகராவிட்டால் ஜாபிக்ஸிலேயே ‘கியூ’ பக்கத்தையும், போலர்கள் எவ்வளவு சதவீதம் வேலையில் இருக்கின்றன என்ற கிராஃபையும் ஒரு மணிக்கு உட்கார்ந்து பாருங்கள். எத்தனையோ இடங்களில் ஆறு மாதம் நெட்வொர்க்கைத் தோண்டிவிட்டு, கடைசியில் சர்வரின் சொந்த உடம்பைப் பார்த்திருக்கிறார்கள். கண்காணிக்கிற கம்ப்யூட்டரையும் கண்காணிக்கப்படும் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

அன்று 1:40-க்கு லிங்க் நிஜமாக அறுந்தது இந்த மழைக்கு நடுவில்தான். எண்பது பொய்க்குள் ஒரு மெய். ம்யூட் செய்யாமல் இருந்திருந்தாலும் உங்கள் கண்ணில் பட்டிருக்குமா என்பதே சந்தேகம். இதை முதலாளியிடம் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

கேட் ஸ்விட்சின் மௌனம்

சிவப்பாக இருக்கும் ஸ்விட்ச் வழியாகத்தான் கேமரா படம் ஓடுகிறது. அப்படியானால் ஸ்விட்ச் வேலை செய்கிறது, ஆனால் உங்கள் சர்வரோடு பேச மறுக்கிறது. இந்தப் பேச்சு எஸ்.என்.எம்.பி. என்ற நெறிமுறையில் நடக்கிறது. 1988-லிருந்து இருப்பது, கேள்விகள் போவது யு.டி.பி. 161-ம் போர்ட்டில், அதாவது கருவியின் அந்த எண்ணுள்ள வாசலில். அதன் இரண்டாம் பதிப்பு வரை ஒரு விசித்திரம் உண்டு: பாஸ்வேர்டு போன்ற ‘கம்யூனிட்டி’ சொல் தப்பாக இருந்தால், ‘தப்பு’ என்று கேட்டவருக்குப் பதில் வராது. பேசாமல் இருந்துவிடும். ஆக, தப்பான பாஸ்வேர்டும் செத்த கருவியும் சர்வருக்கு ஒரே மாதிரிதான் தெரியும். அனுமதிப் பட்டியலில் இல்லாத முகவரியிலிருந்து கேட்டாலும் அதே மௌனம்.

வெள்ளத்துக்குப் பிறகு சர்வருக்குப் புது ஐ.பி. கொடுத்ததை நீங்களே சொல்கிறீர்கள். கேட் ஸ்விட்சின் அனுமதிப் பட்டியலில் இன்னும் தரைத்தளத்துப் பழைய முகவரி உட்கார்ந்திருக்கிறது என்பது என் ஊகம். சர்வரிலிருந்தே, கவனியுங்கள், உங்கள் லேப்டாப்பிலிருந்து இல்லை, இதே கேள்விகளைக் கையால் கேட்கும் எஸ்.என்.எம்.பி.வாக் கட்டளையை அந்த ஸ்விட்சுக்கு ஓட்டிப் பாருங்கள். லேப்டாப்பில் வருவதும் சர்வரில் வராததும் வேறு வேறு கதை. கேள்வி கேட்பது சர்வர்தான். பதில் வராவிட்டால், போக்குவரத்தைத் திரையில் காட்டும் டி.சி.பி.டம்ப் கட்டளையைப் போட்டு, கேள்வி வெளியே போகிறதா, ஏதாவது திரும்பி வருகிறதா என்று பாருங்கள். போகிறது, வரவில்லை என்றால் ஸ்விட்சுக்குள் நுழைந்து பட்டியலைத் திருத்துங்கள். பத்து நிமிட வேலை.

எடை மேடையில் இருப்பது விண்டோஸ் என்பதால் இதையும் சொல்லிவைக்கிறேன்: என்றாவது அது மட்டும் தனியாகச் சிவந்தால், முதலில் ஃபயர்வால் பிங்கை, அதாவது ‘இருக்கிறாயா’ என்று கேட்கும் அழைப்பை, மறித்துவிட்டதா என்று பாருங்கள். நெட்வொர்க் வகை ‘பப்ளிக்’ என்று மாறினாலே அப்படி ஆகும்.

நூற்றுச் சொச்சத்தில் முட்டும் கிராஃப்

இதில் மட்டும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மன்னிக்கவும். லைன் கொடுத்த கம்பெனியோடு முதலாளி மூன்று மாதம் சண்டை போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கம்பெனி 300 கொடுத்துக்கொண்டிருக்கக்கூடும்.

ரூட்டர் தன் வழியாகப் போன பைட்டுகளை ஒரு மீட்டரில் எண்ணுகிறது. பழைய வகை மீட்டர் 32 பிட், அதாவது சுமார் 429 கோடி வரை போய்விட்டுத் திரும்பப் பூஜ்யத்துக்கு வரும், ஆட்டோ மீட்டர் சுற்றுவது போல. 300 எம்.பி.பி.எஸ். முழுவீச்சில் ஓடினால் இரண்டு நிமிடத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். உங்கள் சர்வரோ ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வந்து பார்க்கிறது. இடையில் எத்தனை சுற்று போனது என்று அதற்கு எப்படித் தெரியும்? ஐந்து நிமிடத்தில் ஒரே ஒரு முழுச் சுற்று என்று கணக்குப் போட்டால் வருவது சுமார் 114 எம்.பி.பி.எஸ். அதற்கு மேல் அந்தக் கிராஃபால் காட்டவே முடியாது. புது எண் பழைய எண்ணைவிடச் சிறிதாக இருந்தால் ஜாபிக்ஸ் அந்தக் கணக்கைத் தள்ளிவிடும். பல் போன சீப்பு மாதிரி இடையிடையே ஓட்டை விழுகிறது என்று நீங்கள் எழுதியது அதுதான்.

இதற்கு 64 பிட் மீட்டர் இருக்கிறது, ஐ.எஃப்.எச்.சி. என்று தொடங்கும் பெயர்களில். ஆனால் எஸ்.என்.எம்.பி.யின் முதல் பதிப்பு அதைப் படிக்காது. முன்பிருந்தவர் ரூட்டரை முதல் பதிப்பிலேயே சேர்த்து வைத்திருப்பது உங்கள் ஸ்கிரீன்ஷாட்டில் தெரிகிறது. இரண்டாம் பதிப்புக்கோ மூன்றாம் பதிப்புக்கோ மாற்றி, புது மீட்டரைப் படிக்கச் சொல்லுங்கள். அதன்பிறகு லைன் கம்பெனியோடு பேசலாம், சமாதானமாகவோ சண்டையாகவோ.

அந்த எலக்ட்ரீஷியன் விஷயமும் இதே குடும்பம். ஸ்விட்ச் தன் ஓடிய காலத்தை நொடியின் நூறில் ஒரு பங்காக 32 பிட்டில் எண்ணுகிறது. அது 497 நாளில் நிறைந்து பூஜ்யமாகும். எண் குறைந்ததைப் பார்த்து மென்பொருள் ‘ரீஸ்டார்ட்’ என்கிறது. ஸ்விட்ச் கடைசியாக எப்போது நிஜமாக அணைந்தது என்று பார்த்து 497 நாளைக் கூட்டுங்கள். கணக்கு பொருந்தினால் அந்த எலக்ட்ரீஷியனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

மென்பொருளிடம் யாரும் கேட்காத கேள்வி

இவ்வளவு நேரம் நடக்காததற்கு வந்த அலாரத்தைப் பேசினோம். நடந்துகொண்டிருந்ததற்கு வராத அலாரம் ஒன்று இருக்கிறது. எனக்கு அதுதான் வருத்தம். மொட்டைமாடியில் வெட்டிய கனெக்டரின் பின்கள் பச்சை பூத்திருந்தன என்று எழுதியிருக்கிறீர்கள். எண்ணூரிலிருந்து காசிமேடு வரை கடலோரத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த வியாதி. நான் தண்டையார்பேட்டையில் வளர்ந்தவள்; எங்கள் வீட்டு ஜன்னல் கொக்கியே மூன்று வருடம் தாங்காது. உப்புக் காற்று, மணலியின் புகை, திறந்த வெளியில் சாதாரண ஆர்.ஜே.45, நெட்வொர்க் கேபிளின் முனையில் இருக்கும் அந்த பிளாஸ்டிக் கனெக்டர். அப்படிப்பட்ட கனெக்டர் ஒரே ராத்திரியில் சாகாது. வாரக்கணக்கில் இருமிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

மெயின் ஸ்விட்சில் அந்த லிங்க் செருகியிருக்கும் போர்ட்டின் ‘இன் எரர்ஸ்’ (பழுதாக வந்து சேர்ந்த தகவல்களின் எண்ணிக்கை) கிராஃபை, அறுந்த நாளுக்கு முந்தைய ஒரு மாதத்துக்குத் திறந்து பாருங்கள். ஏறிக்கொண்டே வந்திருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். போர்ட்டின் வேகம் 1000-லிருந்து 100-க்கு இறங்கிய நாளும் இருக்கலாம். சர்வர் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கும். ‘இது ஏறினால் எனக்குச் சொல்’ என்று யாரும் அதற்குச் சொல்லி வைக்கவில்லை.

அதனால் அலாரங்களை இப்படி மாற்றுங்கள். ஒரு தடவை பதில் வராததற்கு மெசேஜ் வேண்டாம், தொடர்ந்து மூன்று தடவை வராவிட்டால் மட்டும். வயர்லெஸ் லிங்குக்குப் பின்னால் இருக்கும் எல்லாக் கருவிகளையும் லிங்கைச் சார்ந்தவை என்று குறியுங்கள். ஜாபிக்ஸில் அதற்கு வசதி உண்டு. லிங்க் அறுந்தால் ‘கேட் லிங்க் போச்சு’ என்று ஒரே மெசேஜ் வரும், பின்னாலிருக்கும் கேமராக்கள் வாயை மூடிக்கொள்ளும். எரர் எண்ணிக்கைக்கும் போர்ட் வேகம் குறைவதற்கும் பகலில் வரும்படி அலாரம் வையுங்கள். தூக்கத்தைக் கெடுக்கும் மெசேஜ்கள் ஒரு வாரத்தில் இரண்டு மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. இருந்தால் மறுபடியும் ம்யூட்டில்தான் போய் முடியும். தினமும் காலை ஆறு மணிக்கு ‘நான் இருக்கிறேன்’ என்று சர்வரே ஒரு மெசேஜ் அனுப்பட்டும். அது வராத நாளில் சர்வருக்கே என்ன ஆனது என்று போய்ப் பாருங்கள்.

புது மென்பொருள், பழைய பாஸ்வேர்டு

புதிதாக எதை வாங்கினாலும் அது இதே ஸ்விட்சிடம் இதே 161-ம் போர்ட்டில் இதே கேள்வியைத்தான் கேட்கும். அனுமதிப் பட்டியலில் இல்லாவிட்டால் அதற்கும் மௌனம்தான். பச்சை பூத்த கனெக்டரை எந்த லைசென்ஸும் துடைக்காது. அதற்காக விலை கொடுத்து வாங்குவதே வீண் என்று சொல்லமாட்டேன். உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் பார்க்க அங்கே வேறு ஆளில்லை. ராத்திரி கூப்பிட்டால் எடுக்கும் சப்போர்ட் ஒப்பந்தம் அப்படிப்பட்ட இடத்துக்குப் பயன்படும். மேலே சொன்னதையெல்லாம் சரிசெய்து இரண்டு மாதம் ஓட்டிய பிறகு, என்ன குறைகிறது என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். முதல் பணம் சர்வருக்கு ஒரு எஸ்.எஸ்.டி.க்கும் (சுழலாத, வேகமான டிஸ்க்) நல்ல வெளிப்புறக் கேபிளுக்கும் போகட்டும்.

முதலாளி வீட்டிலிருந்து போனில் பார்க்க வேண்டும் என்று ஜாபிக்ஸ் பக்கத்தை ரூட்டரில் இன்டர்நெட்டுக்குத் திறந்து விட்டிருக்கிறீர்கள் அல்லவா, அதை இன்றே மூடுங்கள். நிறுவும்போது வரும் யூசர் பெயர் ‘அட்மின்’, பாஸ்வேர்டு ‘ஜாபிக்ஸ்’ என்பது ஊருக்கே தெரியும். உங்களிடம் மாற்றியிருக்கிறதா என்பதே கடிதத்தில் இல்லை. அவர் பார்க்க வி.பி.என். (இன்டர்நெட் வழியே பூட்டிய தனிப்பாதை) போட்டுக் கொடுங்கள். கம்யூனிட்டி சொல் ‘பப்ளிக்’ என்றே இருக்கிறது என்கிறீர்கள். ‘பிரைவேட்’ என்பதும் அமைப்பை மாற்றும் அனுமதியோடு திறந்திருந்தால் உள்ளே வரும் யாரும் போர்ட்டை அணைக்கலாம். துபாய்க்காரர் நல்லவராகவே இருக்கலாம், ஆனாலும் போனவருடைய சாவி போனவரோடு போகக் கூடாது. எஸ்.என்.எம்.பி.யின் மூன்றாம் பதிப்புக்கு மாறுவது நல்லது, ஆனால் 84-ஐயும் ஒரே ராத்திரியில் மாற்றாதீர்கள். அதில் கடிகாரமும் கணக்கில் வரும். நேரக் கணக்கு 150 நொடிக்கு மேல் விலகினால் கருவி கேள்வியை ஏற்காது. வாரம் பத்துக் கருவி போதும்.

சம்பளமும் வேலையும்

நான் வக்கீல் இல்லை, அதனால் இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். நஷ்டத்துக்காகச் சம்பளத்தில் பிடிப்பதென்றால், அந்த நஷ்டம் தொழிலாளியிடம் ஒப்படைத்த பொருளுக்கோ அவர் கணக்குக் காட்ட வேண்டிய பணத்துக்கோ அவருடைய கவனக்குறைவால் நேர்ந்ததாக இருக்க வேண்டும், பிடிப்பது நஷ்டத்தை மிஞ்சக் கூடாது, பிடிக்கும் முன் விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். முன்பிருந்த 1936-ம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டத்திலும் இப்படித்தான் இருந்தது, அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2019-ம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் இப்படித்தான். ‘முதலாளி நினைத்தால் பிடிக்கலாம்’ என்பதும் தவறு, ‘பிடிக்கவே முடியாது’ என்று உங்கள் நண்பர் சொன்னதும் தவறு. நோட்டீஸ் எழுத்தில் வந்தால் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரோடு ஒரு தொழிலாளர் வக்கீலைப் பாருங்கள்.

நோட்டீஸுக்கு முன்பே நீங்களாக ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பது நல்லது. 1:40, 1:41, உங்களை எழுப்பிய நேரம், 5:30 என்று வரிசையாக. ஸ்விட்ச் கடிகாரப் படம், கடைசி எடைச் சீட்டு, எரர் கிராஃப் மூன்றையும் சேருங்கள். ‘பொய் அலாரம் அதிகம் என்பதால் க்ரூப்பை ம்யூட் செய்திருந்தேன், எழுத்தில் தெரிவிக்காதது என் தவறு’ என்ற வரியை நடுவில் ஒளிக்காமல் மேலேயே வையுங்கள். கடைசியில் ஒரு கேள்வி கேளுங்கள்: லிங்க் இல்லாவிட்டாலும் மேடை எடை போடுமே, கையால் சீட்டு எழுத அன்று ஏன் ஏற்பாடு இல்லை? டிரெய்லர்கள் நான்கு மணி நேரம் நின்றதில் அதற்கும் பங்கு உண்டு. அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. மரியாதையாகவே கேட்கலாம்.

வேலையை விடுவதைப் பற்றி: விடலாம், ஆனால் இந்த மாதம் வேண்டாம். பழி தலையில் இருக்கும்போது வெளியேறினால், அடுத்த கம்பெனி விசாரிக்கும்போது முதலாளியின் 20:10 கதை மட்டும்தான் மிஞ்சும். அலாரங்களைச் சரிசெய்து, 84 கருவிகளின் முகவரி, இடம், எதன் பின்னால் எது என்ற பட்டியலை எழுதி முடியுங்கள். அந்தப் பட்டியல் முன்பிருந்தவர் உங்களுக்குக் கொடுக்காதது. அதன்பிறகு போவதா இருப்பதா என்று நிதானமாக யோசிக்கலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டில் வண்டி குறைவாக இருக்கும்போது, கேட் பக்கத்துக் கம்பத்தின் கனெக்டரையும் பாருங்கள். மாடியில் இருப்பது பச்சை பூத்திருந்தால் கேட்டில் இருப்பதும் அதே வயதுதான். கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ஏணியைப் பிடிக்க ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள், கம்பத்தில் தனியாக ஏற வேண்டாம்.